சிட்னி ஹார்பர் பாலம்: பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்த அப்பாவுக்கு எப்படிக் காட்டுவது?

பொன்மலைப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிட்னியில் வெஸ்ட்மீடில் இருக்கிறோம். அடுத்த வாரம் திருச்சியிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அம்மாவுக்குப் பேத்தியோடு இருந்தால் போதும், மேஸ் ஹில் முருகன் கோயிலுக்கு ஒரு நாள் கூட்டிப்போனால் இன்னும் சந்தோஷம். அப்பா கேட்டது ஒன்றே ஒன்று. "அந்த இரும்புப் பாலத்தை நல்லாப் பார்க்கணும்டா."

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் மேக்கராக 36 வருடம் வேலை பார்த்தவர். ஊட்டி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுதுக்கு வரும்போது பாய்லர் வேலையில் இருந்திருக்கிறார். இரும்புத் தகடுகளை இணைக்கிற ரிவிட் ஆணிகளை அடித்து அடித்து வலது காது மந்தமாகிவிட்டது. வயது 71. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லை. இடது முழங்கால் மட்டும் படி இறங்கும்போது வலிக்கும்.

நான் இங்கே வந்து ஆறு வருடம் ஆகிறது. பாலத்தை ஓபரா ஹவுஸ் பக்கம் நின்று படம் எடுத்ததோடு சரி. மேலே ஏற்றிக் கூட்டிப்போகிறார்களே, அதற்கு அப்பாவை அழைத்துப்போகலாமா? காசு அதிகம்தான், அது பரவாயில்லை. அவரால் முடியுமா என்பதுதான் யோசனை. முடியாதென்றால் அந்தப் பாலத்தில் வேறு என்ன இருக்கிறது? அரை மணி நேரம் நின்று படம் எடுத்துத் திரும்பினால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் எனக்கு மனசு ஆறாது.

வென்டிவாசி

நான் போன வருடம் மனைவியோடு பிரிட்ஜ் கிளைம்ப் ஏறினேன். 1998-லிருந்து நடத்துகிறார்கள், ஏற்பாடு பிரமாதம். சாம்பல் நிறத்தில் ஒரு முழு உடுப்பு தருவார்கள். கைபேசி, கேமரா, கடிகாரம், சட்டைப்பையில் இருக்கிற சில்லறை எல்லாவற்றையும் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். கீழே வண்டிகள் ஓடுவதால் ஒரு குண்டூசிகூட விழக்கூடாது. மூச்சை ஊதச் சொல்லி மது குடித்திருக்கிறோமா என்றும் பார்ப்பார்கள். இடுப்பு வாரிலிருந்து ஒரு கொக்கியை இரும்புக் கயிற்றில் மாட்டிவிட்டால் இறங்கி வரும்வரை அது கழலாது. உச்சி கடல்மட்டத்திலிருந்து 134 மீட்டர். போய்வர 1,332 படி, மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

வயதுக்காக நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் குழுவில் 70 தாண்டிய ஒரு பாட்டி எங்களுக்கு முன்னால் போனார். ஆனால் இரண்டு விஷயம் யோசியுங்கள். சாலை மட்டத்திலிருந்து வளைவுக்குப் போகிற இடத்தில் படிக்கட்டு கிடையாது, செங்குத்தான ஏணிதான். இறங்கும்போதும் அதே மாதிரி ஏணி. இறங்கத்தான் வலிக்கும் என்கிறீர்கள், அந்த முழங்காலுக்கு அது கஷ்டம். இரண்டாவது, வழிகாட்டி பேசுவது முழுவதும் தலையில் மாட்டுகிற கருவி வழியாக, ஆங்கிலத்தில். காது மந்தமானவருக்கு, அதுவும் காற்று அடிக்கும் இடத்தில், பாதிக்கு மேல் போய்விடும். பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொல்லவும் முடியாது, ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க வேண்டும்.

நடைபாதை அக்கா

தம்பி, அந்தப் பாலம் நான் வேலைக்கு நடந்து போகிற வழி. நோர்த் சிட்னியில் ஒரு பல் மருத்துவரிடம் வேலை. ரயில் என்னை அங்கேயே கொண்டுபோய் விடும். ஆனாலும் 17 வருடமாக, மழை கொட்டாத நாட்களில் வின்யார்டில் இறங்கி பாலத்தின் மேல் நடந்துதான் போகிறேன். கிளிநொச்சியில் இருந்த காலத்தில் பாலம் என்றால் எனக்குப் பயம்தான். இந்தப் பாலத்தில் நடந்து நடந்து அந்தப் பயம் போனது. அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்று சொல்கிறேன். உங்கள் அப்பாவுக்கு இதை உச்சியிலிருந்து காட்டவேண்டாம், காலடியிலிருந்து காட்டுங்கள். சேர்குலர் கீயில் இறங்கி எல்லோரும் வலப்பக்கம் ஓபரா ஹவுசுக்குப் போவார்கள். நீங்கள் இடப்பக்கம் கரையோரமாக நடந்து டோஸ் பொயின்ட் வரை போங்கள், ஏற்றமே இல்லாத பாதை. அங்கே புல்வெளியில் நின்று பார்த்தால் வளைவு எங்கே வந்து நிலத்தில் ஊன்றுகிறது என்பது வடிவாகத் தெரியும். இரண்டு கரையிலும் வளைவின் முனையில் நிற்கிற கல்கோபுரங்கள்தான் பாலத்தைத் தாங்குகின்றன என்று நானும் பல வருடம் நினைத்திருந்தேன். கோபுரம் நான்கும் அழகுக்குத்தான், 89 மீட்டர் உயரத்துக்கு எழுப்பி மொருயா ஊரிலிருந்து வெட்டி வந்த கருங்கல்லைப் பதித்திருக்கிறார்கள். வளைவின் முழுப் பாரமும் கோபுரத்தின் அடியில், நான்கு மூலையிலும் இருக்கிற நான்கு இரும்புக் கீல்களில் இறங்குகிறது. ஒவ்வொரு கீலிலும் அச்சாக ஒரு இரும்பு முளை. 4.2 மீட்டர் நீளம், 368 மில்லிமீட்டர் விட்டம். கதவுக்குக் கீல் இருப்பது மாதிரிதான். வெயில் ஏறினால் இரும்பு நீளும், வளைவின் உச்சி 18 சென்டிமீட்டர் வரை உயரும், அப்போது அந்தக் கீலில்தான் அது அசைந்து கொடுக்கிறது. எனக்கு இதை விளங்கவைக்க ஒரு ஆளுக்கு அரை மணி ஆனது. உங்கள் அப்பாவுக்கு நீங்கள் வாய் திறக்கவே தேவையிருக்காது.

அதே இடத்தில் ரிவிட் தலைகளையும் பார்க்கலாம். தொடும் தூரம் என்று சொல்லமாட்டேன், எண்ணும் தூரம். வரிசை வரிசையாக, புள்ளிக்கோலம் போட்டது போல இருக்கும். முழுப் பாலத்துக்கும் ஏறத்தாழ 60 லட்சம் ரிவிட். அத்தனையும் ஆட்கள் அடித்தது. பெரியது ஒன்று மூன்றரைக் கிலோ. அந்த வேலை செய்தவர்களின் பெயரும் பாய்லர் மேக்கர்தான், தம்பி. நான்கு பேர் ஒரு குழு. ஒருவர் உலையில் ரிவிட்டைப் பழுக்கக் காய்ச்சுவார், அவரைக் "குக்" என்பார்கள். காய்ச்சியதைத் தூக்கி எறிவார். இன்னொருவர் வாளியில் பிடிப்பார். மூன்றாம் ஆள் ஒரு பக்கம் அண்டக் கொடுக்க, நாலாம் ஆள் காற்றுச் சுத்தியலால் மறுபக்கம் அடிப்பார். கீழே கடல். இன்றைக்கு ஏறுகிறவர்களுக்கு இருக்கிற வாரும் கொக்கியும் அன்றைக்கு அவர்களுக்கு இல்லை. கட்டுமான வேலையில் 16 பேர் இறந்தார்கள். 1930-ல் வின்சென்ட் கெல்லி என்ற தொழிலாளி மேலேயிருந்து கடலில் விழுந்து விலா எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். அவருக்கு நீரில் பாயத் தெரிந்திருந்தது.

அடுத்தது, ரொக்ஸ் பக்கம் கம்பர்லண்ட் தெருவுக்கு வாருங்கள். கொஞ்சம் ஏற்றம், ஆறுதலாக நடக்கலாம். பாலத்துக்கு ஏற அங்கே படிக்கட்டு இருக்கிறது, பக்கத்திலேயே லிஃப்டும் இருக்கிறது, முன்பு இருக்கவில்லை. லிஃப்டில் ஏறினால் நேரே கிழக்குப் பக்க நடைபாதை. அதற்குக் காசு கிடையாது. மேற்குப் பக்கம் சைக்கிளுக்கு. நடைபாதையில் கொஞ்சத் தூரம் போனதும் தென்கிழக்குக் கோபுரத்தின் வாசல் வரும். உள்ளே 200 படி, லிஃப்ட் இல்லை. பயப்படவேண்டாம், இடையில் மூன்று தட்டுகளில் காட்சிக்கூடம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் நின்று பார்த்துக்கொண்டே ஏறலாம். கட்டணம் வளைவில் ஏறுவதற்கு வாங்குவதில் சிறு பங்குதான். எல்லா நாளும் திறந்திருப்பதில்லை, போகிற நாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

அந்தக் காட்சிக்கூடத்தில் மினக்கெடுங்கள். வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. தேவாலயத்தில் புனிதர்களை வரைவது மாதிரி, இங்கே பாலம் கட்டிய தொழிலாளிகளை வரைந்திருக்கிறார்கள். நில அளவையாளர், கல்தச்சர், பெயின்ட் அடிப்பவர், அவர்களோடு ரிவிட் அடிப்பவரும் ஒரு ஜன்னலில் நிற்கிறார். நான் முதல் தடவை போனபோது அந்த ஜன்னலுக்கு முன்னால் கனநேரம் நின்றேன். எங்கள் ஊரில் பாலம் திறந்தால் அமைச்சரின் பெயர்தான் கல்லில் இருக்கும்.

இரண்டு கரையிலிருந்தும் வளைவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிக்கொண்டு வந்த கதையும் அங்கே படங்களில் இருக்கிறது. நடுவில் தூண் கிடையாது, 503 மீட்டர் வெறும் ஆகாயம். ஒவ்வொரு பாதியையும் 128 இரும்புக் கயிறுகளால் பின்னுக்கு இழுத்து, பாறைக்குள் சுரங்கம் வெட்டிக் கட்டியிருந்தார்கள். பிறகு அந்தக் கயிறுகளை மெல்ல மெல்லத் தளர்த்தி இரண்டு பாதியையும் ஒன்றை ஒன்று தொடவிட்டார்கள். 1930 ஓகஸ்ட் 19, இரவு பத்து மணிக்கு அது நடந்தது. மறுநாள் காலையில் மேலே கொடி பறப்பதைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் தெரிந்தது. கயிற்றைத் தளர்த்திய அந்த ஆட்களின் கையை நான் அடிக்கடி நினைப்பேன்.

பிறகு 1932 பெப்ரவரியில் பாரம் தாங்குமா என்று சோதித்தார்கள். எதை வைத்து என்று உங்கள் அப்பாவிடம் முதலில் சொல்லிவிடாதீர்கள், ஊகிக்கச் சொல்லுங்கள். 96 நீராவி எஞ்சின்கள். ஒன்றோடொன்று முட்ட வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மார்ச் 19 திறப்பு விழா. ரிப்பனை வெட்ட மாநில முதல்வர் ஜாக் லாங் நிற்க, குதிரையில் வந்த டி குரூட் என்பவர் வாளால் முந்தி வெட்டிவிட்டார், ரிப்பனைத் திரும்பக் கட்டித் திறந்தார்கள். அதைப்பற்றி எல்லோரும் சொல்வார்கள், எனக்கு 96 எஞ்சின்தான் பெரிது.

கோபுரத்திலிருந்து இறங்கினதும் திரும்பி வந்துவிடாதீர்கள். வடக்குக் கரை வரைக்கும் நடவுங்கள், என் நடைக்கு இருபது நிமிடம், ஐயாவோடு நாற்பது வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்கு முன் என்றால் வேலைக்கு ஓடுகிறவர்கள் இடிப்பார்கள், பத்து மணி நல்லது. கம்பிவலை உயரமாக இருக்கும், படம் எடுக்கக் கொஞ்சம் தொந்தரவு. பக்கத்தில் வாகன இரைச்சல் இருக்கும். பாரமான பஸ் போனால் காலுக்கடியில் ஒரு அதிர்வு தெரியும், அம்மாவிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

வடக்கே போனதும் லிஃப்டில் இறங்கலாம். அங்கே பாலத்துக்கு அடியில் பெரிய பூங்கா, மரநிழல், கதிரைகள், கட்டிக்கொண்டு போன சாப்பாட்டைச் சாப்பிட அதைவிட நல்ல இடம் இல்லை. அந்த நிலத்தில் முன்பு தெருத்தெருவாக வீடுகள் இருந்தன. பாலத்தின் பாதையில் குடியிருந்த ஏறத்தாழ 800 குடும்பங்கள் எழும்பிப் போனார்கள். வாடகைக்கு இருந்தவர்களுக்கு இழப்பீடு எதுவும் கிடைக்கவில்லை. வீட்டை விட்டு எழும்பிப் போனவள் நான், அந்தப் புல்லில் இருக்கும்போது அவர்களை நினைக்காமல் இருந்ததில்லை.

கடைசியாகக் கரைக்கு இறங்குங்கள். பெரிய சிரித்த முகம் வைத்த லூனா பார்க் வாசல் தெரியும், பேத்திக்கு அது பிடிக்கும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அந்த நிலம் வேறு. லூனா பார்க் 1935-ல் வந்தது. அதற்கு முன் அதே இடத்தில் பாலத்தைக் கட்டிய டோர்மன் லோங் கம்பெனியின் பணிமனை இருந்தது. தகடுகளை வெட்டி, துளைத்து, பாகங்களாக ரிவிட் அடித்து, தெப்பத்தில் ஏற்றித் துறைமுகத்தின் நடுவுக்குக் கொண்டுபோக, வளைவின் நுனியில் ஊர்ந்து ஊர்ந்து போன பாரந்தூக்கி மேலே இழுத்துக்கொள்ளும். பணிமனைக்காரர் ஒருவர் வந்து நிற்கவேண்டிய இடம் அதுதான்.

திரும்பி வர மில்சன்ஸ் பொயின்ட் துறையில் படகு ஏறுங்கள். சேர்குலர் கீ வரை சில நிமிடம்தான், ரயில் கார்டையே தட்டலாம். படகு பாலத்துக்குச் சரியாக அடியால் போகும். அப்போது எல்லோரும் ஓபரா ஹவுசைப் பார்ப்பார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள்.

பொன்மலைப் பையன்

அக்கா, இரண்டு தடவை படித்தேன். ரொம்ப நன்றி. வாசி அண்ணா, காது விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நல்லவேளை சொன்னீர்கள். கிளைம்ப் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அம்மாவுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். குழந்தைக்குத் தள்ளுவண்டி வேறு. அப்பாவும் நானும் பாலத்தில் நடக்கும்போது அவர்கள் என்ன செய்வது?

நடைபாதை அக்கா

வண்டி நடைபாதையில் தாராளமாகப் போகும், கோபுரத்துக்குள்தான் போகாது. அம்மா நடக்கவேண்டாம். அம்மாவும் உங்கள் மனைவியும் குழந்தையும் வின்யார்டிலிருந்து மில்சன்ஸ் பொயின்டுக்கு ரயிலில் வரட்டும், ஒரே ஸ்டேஷன், ரயில் பாலத்தின் மேலேதான் போகும். ஜன்னலோரம் வேண்டாம், நடுச் சீட்டில் இருந்தால் உயரம் தெரியாது. நீங்கள் வந்து சேரும்வரை பூங்காவில் இருக்கலாம். ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுபோகச் சொல்லுங்கள், கரையில் காற்று குளிரும்.

பொன்மலைப் பையன்

சனிக்கிழமை போய்வந்தோம். அக்கா சொன்ன வழியிலேயே போனோம், அதனால் எழுதியே ஆக வேண்டும்.

டோஸ் பாயின்ட்டில் பத்து நிமிடம் நிற்போம் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் ஆனது. அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலில் அந்தக் கீலைப் பார்த்தார். "ஓகோ, இங்க விட்டிருக்கானா" என்று சொல்லிவிட்டுப் பேசவே இல்லை. அப்புறம் ரிவிட் வரிசையை விரலால் காற்றில் எண்ணினார். எந்த இணைப்பு கீழே பணிமனையில் அடித்து வந்தது, எது மேலே தொங்கிக்கொண்டு அடித்தது என்று அவராகவே பிரித்துச் சொல்ல ஆரம்பித்தார். சரியா தவறா என்று எனக்குத் தெரியாது. ஆனால் 35 வருடத்தில் அப்பா தன் வேலையைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியதில்லை.

நான்கு பேர் குழுவைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "டாலி பிடிச்சவனுக்கு என்ன கூலி?" சுத்தியல் அடிக்கிறவன் எதிரே, மறுபக்கம் கனமான இரும்பை வைத்து முட்டுக் கொடுக்கிறவர்தான் டாலி பிடிப்பவர். அப்பா வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைத்தான் செய்தாராம். பாய்லருக்குள்ளே உட்கார்ந்து பிடிக்க வேண்டும், அதிர்வு முழுவதும் தோளுக்கும் காதுக்கும் வரும். "நாங்க ரிவிட்டை இடுக்கியில கைக்குக் கை கொடுப்போம். இங்க எறிஞ்சு வாளியில பிடிச்சிருக்கான். ஒண்ணு தவறினாலும் கீழ போற படகுக்காரன் கதி என்ன?" என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

96 எஞ்சின் கதையை அக்கா சொன்னபடி ஊகிக்கச் சொன்னேன். "மணல் மூட்டை" என்றார். பதிலைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்ற ஜப்பானியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபுரத்தில் படி ஏறும்போது ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்தார், இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். வளைவு வேலை 1928 அக்டோபரில் தொடங்கியது என்று நான் படித்துச் சொன்னதும் அப்படியே நின்றுவிட்டார். "நம்ம பணிமனை திறந்ததும் 28-தான்டா." அந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் படம் எடுக்க நிற்கச் சொன்னேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு, கைகளைப் பின்னால் கட்டாமல் முன்னால் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றார்.

லூனா பார்க்கில் பாப்பா ராட்டினத்தைப் பார்த்துக் கைதட்ட, அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார். எடுத்துப்போன புளியோதரையைப் பூங்காவில் சாப்பிட்டோம். அம்மாவுக்குக் காற்று ரொம்பப் பிடித்துவிட்டது.

படகில் எல்லோரும் ஓபரா ஹவுஸ் பக்கம் கைபேசியை நீட்டினார்கள். நாங்கள் நான்கு பேரும் அண்ணாந்து மேலே பார்த்தோம். அடிப்பக்கக் குறுக்குச் சட்டங்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தன. அப்பா மந்தமான காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, மேலே ரயில் போகிற சத்தம் கேட்கிறதா என்று என்னிடம் கேட்டார். கேட்டது.

வியாழக்கிழமை மறுபடியும் போகிறோம், டோஸ் பாயின்ட்டுக்கு மட்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை கீலைப் பார்க்க வேண்டுமாம். அந்த வழியாக நடந்தால் கீழே பாருங்கள் அக்கா, நீலச் சட்டை, வெள்ளைத் தொப்பி.